கழுத்தில் வைத்த கை (வாசகர் கடிதமும் பதிலும்)

மதிப்புக்குரிய ஐயா,

கண்டியில் உங்களுக்கு றக்பி பழக்கிய பயிற்றுநரைப் பற்றி நீங்கள் சென்ற மாதம் எழுதிய சிறு குறிப்பை என் கணவரின் தொலைபேசியில்தான் படித்தேன். அவர் அதை அழிக்காமல் சேமித்து வைத்திருந்தார். அதனால்தான் உங்களுக்கு எழுதத் துணிந்தேன்.

என் கணவர் ஹட்டன் பக்கத்தில் ஒரு பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியர். ஏழு வருடங்களாகப் பத்தொன்பது வயதுக்குட்பட்ட றக்பி அணியைப் பழக்கி வருகிறார். அதற்கெனத் தனிச் சம்பளம் எதுவும் கிடையாது. காலை ஐந்தரைக்கெல்லாம் மைதானத்தில் நிற்பார். மாலையில் இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவார். அணியில் பாதிக்கு மேல் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். ஒரு பையன் இரண்டு நாள் பயிற்சிக்கு வராவிட்டால் அவனுடைய லயத்துக்கே, தோட்டத்து வரிசை வீட்டுக்கே, தேடிப் போய்விடுவார். சென்ற வருடம் மூன்று பேருக்குப் பூட்ஸ் வாங்குவதற்காகத் தன் கல்யாண மோதிரத்தை அடகு வைத்தார். வட்டி கட்ட முடியாமல் போனபோதுதான் எனக்குச் சொன்னார்.

கடந்த மாதம் ஒரு முக்கியமான போட்டியில் 17க்கு 15 என்று தோற்றார்கள். கடைசி நிமிடத்தில் எதிரணியின் கோட்டைத் தாண்டி மூலையில் பந்தை ஊன்றி ஒரு ட்ரை வைத்தும், அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கொன்வேர்ஷன் உதை தவறிவிட்டது. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. தன் அப்பாவின் சாவு வீட்டில்கூடக் கண் கலங்காத மனிதர், குசினிக் கதவில் சாய்ந்து நின்று விம்மி விம்மி அழுதார். ஐந்தாம் ஆண்டு படிக்கும் எங்கள் மகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் என்னிடம், "அந்த அண்ணாமார்தான் அப்பாவுக்குப் பிள்ளைகளா அம்மா?" என்று கேட்டாள்.

வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்த விளையாட்டு இது. அதை ஆடும் பிள்ளைகளில் பலர் படிப்பை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகப் போகிறவர்கள். இதற்காக ஒருவர் தன்னை இப்படிக் கரைத்துக்கொள்வது சரியா? இது அன்பா, அல்லது ஒருவகை நோயா? அப்படி ஒருவரிடம் பழகியவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி, ஹட்டன்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்து பன்னிரண்டு நாட்களாகின்றன. கையோடு பதில் எழுதிவிடக்கூடிய கடிதமாக அது எனக்குப் படவில்லை. ஒரு கேள்வி கேட்பதாக நினைத்து நீங்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். அவர் அழுதது சரியா என்பது ஒன்று. அவருடைய அர்ப்பணிப்புக்கான விலையை வீட்டைக் கேளாமலே வீட்டின் தலையில் கட்டியிருக்கிறாரே, அது சரியா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு என்னிடம் தயக்கமில்லாத பதில் இருக்கிறது. மோதிரத்தை உங்களுக்குச் சொல்லாமல் அடகு வைத்தது பிழை, அதில் உங்கள் பக்கமே நியாயம். முதலாவது கேள்விதான் கடினமானது. அதற்கு என் சொந்த வாழ்க்கையிலிருந்து சிலவற்றைச் சொல்லாமல் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

துரைமார் கொண்டுவந்த விளையாட்டு என்று நீங்கள் எழுதியது உண்மை. ரதல்லவில் திம்புள்ள கிளப்பும் தரவளையில் டிக்கோயா மஸ்கெலியா கிளப்பும் தோட்டத் துரைமார் தங்களுக்கென்று அமைத்துக்கொண்டவை. பாடசாலை மட்டத்தில் இந்த விளையாட்டு 1891இல் கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியில் தொடங்கியது. அந்தக் கல்லூரியும் டிரினிட்டி கல்லூரியும் 1906இல் ஆடியதுதான் இலங்கையில் இரண்டு பாடசாலைகள் மோதிக்கொண்ட முதலாவது றக்பிப் போட்டி. நம்முடைய மலைகளுக்கு நடுவிலேயே இத்தனை காலமாக ஆடப்பட்டு வந்த ஒரு விளையாட்டை நம்மவர்கள் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தார்கள். என் தாத்தா தரவளைப் பக்கத்தில் வேலை செய்தவர். துரைமார் உதைத்த பந்து வேலியைத் தாண்டித் தேயிலைக்குள் விழுந்தால் லயத்துப் பையன்கள் ஓடிப்போய் எடுத்து எறிவார்களாம். அந்த முட்டைப் பந்தில் நம் கை பட்டது அவ்வளவுதான் என்று அவர் சொல்வார். ஆகவே, தோட்டத்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சேர்த்து ஒரு தமிழ் ஆசிரியர் ஹட்டனில் றக்பி பழக்குகிறார் என்ற வரியை நான் எளிதாகக் கடந்து போகவில்லை. இந்த விளையாட்டு யாருடையது என்ற கேள்விக்கு உங்கள் கணவர் ஏழு வருடங்களாக மைதானத்தில் நின்று பதில் சொல்லி வருகிறார்.

இனி என்னுடைய பயிற்றுநரை, நாங்கள் சேர் என்று கூப்பிட்டவரைப் பற்றிச் சொல்கிறேன். அந்தக் குறிப்பில் நான் எழுதாமல் விட்டவை இவை.

புலமைப்பரிசில் கிடைத்து 1986இல் கண்டியில் ஒரு கல்லூரி விடுதிக்கு வந்தவன் நான். பதினைந்து வயதில் றக்பி அணிக்குத் தெரிவானபோது வீட்டிலிருந்து கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். அம்மா கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். 83ஆம் ஆண்டில் தமிழர்கள் மீது நடந்த வன்செயல்களின் நினைவு இன்னும் ஆறாத காலம் அது. கண்டியில் பிள்ளையைப் படிக்க விட்டதே பெரிய காரியம், அங்கே அடிபடும் விளையாட்டுக்கும் விட வேண்டுமா என்பது அவருடைய கேள்வி. எங்கள் பயிற்றுநர் ஒரு சிங்களவர், பகலில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை பார்த்தவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கண்டியிலிருந்து ஹட்டனுக்கு ரயிலேறி, அங்கிருந்து பஸ் பிடித்து, பஸ் நின்ற இடத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மைல் மலையேறி எங்கள் லயத்துக்கு வந்தார். அம்மா அவசரமாக நாற்காலி தேடினார். எங்கள் வீட்டில் நாற்காலி இல்லை. அவர் வாசற்படியில் உட்கார்ந்து, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே பிளேன்டீயைக் குடித்தார். சட்டையில் வேர்வை வழிந்து ஒட்டியிருந்தது. விடுதியின் சமையற்காரரிடம் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு வந்த ஒரேயொரு தமிழ் வாக்கியத்தை அவர் அங்கே சொன்னார்: "அம்மா, மகனைப் பத்திரமா திருப்பித் தருவேன்." சொன்ன விதத்தில் பாதி எழுத்துகள் இடம் மாறியிருந்தன. அம்மா சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "எலும்பு ஒடஞ்சா?" என்று கேட்டார். நான் அதை அவருக்குச் சிங்களத்தில் சொன்னேன். உடையாது என்று அவர் சமாதானம் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "உடைந்தால் நானே வந்து சொல்வேன், வேறு ஆளை அனுப்ப மாட்டேன்" என்றார். அம்மா கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை நீட்டினார்.

அந்தப் பதிலின் கனம் எனக்கு அன்று விளங்கவில்லை. நான் அணியில் ஹூக்கராக ஆடினேன். ஸ்க்ரம் என்பதை நீங்கள் மைதானத்தின் ஓரத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கத்திலும் எட்டு எட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் பிணைந்து, ஒருவரையொருவர் தள்ளுவார்கள். ஹூக்கர் முன்வரிசையின் நடுவில் இருப்பவன். அவனுடைய இரண்டு கைகளும் பக்கத்தில் நிற்பவர்களின் தோள்களின் மேல் கட்டுண்டு கிடக்கும். விழுந்தால் கையூன்ற வழியில்லை. பின்னால் நிற்கும் ஐந்து பேரின் தள்ளலும் எதிரே வரும் எட்டுப் பேரின் தள்ளலும் அவனுடைய கழுத்தைச் சுற்றித்தான் சந்திக்கின்றன. இன்று நடுவர் மூன்று கட்டளைகளாகப் பிரித்துச் சொல்லி, முன்வரிசையார் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்ட பிறகே மோத விடுகிறார். 2013இல் வந்த அந்த மாற்றத்துக்கு முன்பு நாங்கள் சற்றுத் தள்ளி நின்று, பாய்ந்து மோதினோம். கழுத்துகள் பட்ட பாடு அப்போது பெரியது.

அதனால் எங்கள் சேர் முதல் மூன்று மாதங்களுக்கு முன்வரிசைக்காரர்களை ஸ்க்ரமில் தள்ளவே விடவில்லை. கழுத்துப் பயிற்சி மட்டும்தான். ஒருவன் நெற்றியில் கை வைத்து அழுத்த மற்றவன் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு வலப்பக்கம், பிறகு இடப்பக்கம், பிறகு பின்னந்தலை. தள்ள விட்ட பிறகும் ஒவ்வொரு ஸ்க்ரமுக்கும் அவர் சேற்றில் எங்கள் பக்கத்திலேயே முழந்தாளிட்டுக் குனிந்திருப்பார். என் பிடரியில் கையை வைத்து, அப்படியே முதுகெலும்பு வரைக்கும் தடவிப் பார்ப்பார். எங்கேயாவது வளைவு தட்டுப்பட்டால் ஸ்க்ரமைக் கலைத்துவிடுவார். "களுத்து நேரா, களுத்து நேரா" என்று எனக்காகத் தமிழிலும் மற்றவர்களுக்குச் சிங்களத்திலும் சொல்லிக்கொண்டே இருப்பார். மழையில் விறைத்துப்போன அந்த உள்ளங்கையின் சொரசொரப்பு முப்பது வருடங்களுக்கு மேலாகியும் என் பிடரியில் அப்படியே இருக்கிறது.

உங்கள் கணவரின் கண்ணீரைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இங்கிருந்துதான் தொடங்குகிறது. மற்றப் பல விளையாட்டுகளில் பயிற்றுநர் பிள்ளைகளுக்குத் திறமையைக் கற்றுக்கொடுக்கிறார், தோற்றால் திறமை போதவில்லை என்று வருந்துகிறார். றக்பியில் பயிற்றுநர் அடுத்தவர் பெற்ற பிள்ளைகளை, அவர்களுடைய தாய்மாரிடம் இரவல் வாங்கி வந்து, வேண்டுமென்றே மோதலுக்குள் அனுப்புகிறார். அனுப்பிய பிறகு அவருக்குச் செய்ய ஏதுமில்லை. பாடசாலைப் போட்டி எழுபது நிமிடம் நடக்கும். அதில் களத்துக்குள் முடிவெடுப்பவன் அணித்தலைவன். பயிற்றுநரின் பலகைக் கதிரை எல்லைக் கோட்டுக்கு வெளியே கிடக்கிறது. எதிராளியைக் கட்டிப்பிடித்து வீழ்த்தும் ஒவ்வொரு டெக்கிளிலும் யாராவது ஒருவன் எழும்பாமல் கிடப்பானோ என்ற பயத்தை அவர் அந்த எழுபது நிமிடமும் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து கதவில் சாய்ந்தபோது வெளியே வந்ததில் தோல்வியின் துக்கம் எவ்வளவு, அந்தப் பயம் எவ்வளவு என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. அப்பாவின் சாவில் அழாதவர் இதற்கு அழுதாரே என்று நீங்கள் வருந்துகிறீர்கள். அப்பாவின் சாவுக்கு அவர் பொறுப்பாளியல்ல. இந்தப் பதினைந்து பேருக்கும் அவர்தான் பொறுப்பு.

இப்படிச் சொல்வதால், அழுகிற பயிற்றுநர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதை என் உடம்பே மறுக்கும்.

பாடசாலையை விட்ட பிறகு நான் வேறோர் ஊரில் ஓர் அணிக்கு ஆடினேன். அந்த அணியின் பயிற்றுநரும் கண்ணீர் விடுகிறவர்தான். போட்டிக்கு முன்பு உடைமாற்றும் அறையில், இந்த அணிக்காக உயிரையும் கொடுப்பேன் என்று சொல்லி அழுவார். எங்களில் பலரும் சேர்ந்து அழுவோம். ஒரு போட்டியின் முதற்பாதியில் என் இடது தோள் கழன்றது. அதை உள்ளே தள்ளி, இறுக்கிக் கட்டி, "எனக்காக இன்னும் இருபது நிமிடம்" என்று கேட்டு அவர் என்னைத் திரும்ப உள்ளே அனுப்பினார். நான் போனேன். அவருடைய கண்ணீரைப் பார்த்த பிறகு மாட்டேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை. நாங்கள் வென்றோம். அவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அதன் பிறகு நான் றக்பி ஆடவில்லை. இன்றும் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சட்டை போட முடியாது. அவர் நடித்தார் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அவர் அந்த அணியை உண்மையாகவே நேசித்தார். ஆனால் அந்த நேசத்தில் அணி என்ற பெயர் இருந்தது, அதற்குள் தோள் கழன்ற ஒருவன் இருப்பது அவருடைய கண்ணில் படவில்லை.

கண்டி சேரின் கண்ணீரையும் நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அது நான் பாடசாலையில் ஆடிய கடைசிப் பருவம். மூன்று புள்ளிகள் முன்னணியில் இருந்தோம், பன்னிரண்டு நிமிடங்கள் மிச்சம். எங்கள் அணியின் மிகச் சிறந்த சென்டர், பின்களத்தின் நடுவில் ஆடுபவன், ஒரு டெக்கிளில் தலையில் அடிபட்டு விழுந்து, உடனே எழுந்துவிட்டான். எழுந்தவன் என்னிடம் ஸ்கோர் என்ன என்று கேட்டான், சொன்னேன். எல்லைக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறியும் அடுத்த லைன் அவுட்டுக்கு நடக்கும்போது திரும்பவும் அதையே கேட்டான். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சேர் அங்கேயிருந்து என்னத்தைக் கண்டாரோ தெரியாது, ஆட்டம் நின்ற கணத்தில் களத்துக்குள் ஓடி வந்து அவனுடைய முகத்தைப் பிடித்துக்கொண்டு, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டார். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவனுடைய கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். அவன் திமிறினான், எங்கள் தலைவன் கெஞ்சினான், பெற்றார் பக்கத்திலிருந்து கூச்சல் எழுந்தது. அவனுக்குப் பதிலாக வந்த சிறுவன் விட்ட ஒரு டெக்கிளின் வழியாகவே எதிரணி ட்ரை வைத்தது. நாங்கள் தோற்றோம். அன்று அணியில் ஒருவரும் சேருடன் பேசவில்லை.

அன்றிரவு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்ட்டுக்கு வெளியே இருந்த வாங்கில் அவர் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சேறு காய்ந்த சப்பாத்து, மடியில் அந்தப் பையனின் ஜேர்சி. தோல்விக்காக அழுகிறார் என்று நினைத்து ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். அவர் என்னைப் பார்த்து, "அவன் முதல் தடவை கேட்டபோதே நீ கையைத் தூக்கியிருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை முதல் ரயிலில் அவர் நாவலப்பிட்டிக்குப் போய் அவனுடைய தாயிடம் தானே செய்தியைச் சொன்னார். அவன் பிழைத்துக்கொண்டான், இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் எழுந்தாலே பாடசாலை வீரனை அப்போதே வெளியே எடுத்துவிட வேண்டும், அன்றைக்குத் திரும்ப உள்ளே விடக்கூடாது என்பது இன்று உலகம் முழுவதும் றக்பியில் எழுதிவைத்த விதி. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் இளம் பிள்ளைகளின் மூளைக்கு என்ன நேரும் என்று இன்று எல்லோருக்கும் சொல்லித் தருகிறார்கள். அப்போது எங்கள் ஊர்ப் பாடசாலைகளில் அப்படிச் சொல்லித் தந்தவர் யாரும் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு தாய்க்குக் கொடுத்த வாக்கு மட்டும்தான்.

ஆகவே, இது அன்பா நோயா என்று கண்ணீரை வைத்துத் தீர்மானிக்க முடியாது, சகோதரி. நான் கண்ட இருவருமே அழுதார்கள். வேறு இடத்தில் பார்க்க வேண்டும். உங்கள் கணவர் போட்டிக்கு முன்பு அழுகிறாரா, பின்பு அழுகிறாரா? பிள்ளைகளுக்கு முன்னால் அழுகிறாரா, வீட்டில் அழுகிறாரா? உங்கள் கடிதத்தின்படி அவர் வீட்டுக்கு வரும்வரை அடக்கிக்கொண்டு, குசினிக் கதவில் வந்துதான் உடைந்திருக்கிறார். அதை நான் மிகவும் மதிக்கிறேன். பெரியவர் ஒருவரின் கண்ணீர் பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தாங்க முடியாத கடன். என் தோளைக் கொடுத்து நான் அடைத்தது அந்தக் கடனைத்தான். 2019இல் உலகக் கிண்ணத்தை வென்ற தென்னாபிரிக்க அணியின் பயிற்றுநர் ராஸி எராஸ்மஸ் அந்த வெற்றிக்குப் பிறகு பேசியதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அழுத்தம் என்பது வேலையில்லாமல் இருப்பதும் உறவினர் ஒருவரைக் கொலைக்குப் பறிகொடுப்பதும்தான், றக்பி ஒருவருக்கு அழுத்தம் தரக்கூடாது, நம்பிக்கை தர வேண்டும் என்ற பொருளில் அவர் பேசினார். அரைவயிற்றுடன் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைப் பழக்கும் ஒருவருக்கு இது விளங்கும்.

இன்னொருவரையும் உங்கள் கணவருக்காகவே இங்கே சொல்கிறேன். வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த கார்வின் ஜேம்ஸ். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதியில் பிறந்து, சிறுபான்மையாகிப்போன தன் தாய்மொழியைக் கற்பித்து வாழ்ந்த ஆசிரியர் அவர். 1971இல் பிரித்தானிய, அயர்லாந்து வீரர்களின் கூட்டணியான லயன்ஸ் நியூசிலாந்துக்குச் சென்று டெஸ்ட் தொடரை வென்றபோது அதன் பயிற்றுநர் அவர்தான். அடுத்த வருடம் லனெத்லி என்ற சிறிய நகரத்தின் கழக அணியைக் கொண்டு நியூசிலாந்து அணியை 9க்கு 3 என்று தோற்கடித்தார். கத்தாத மனிதர் என்று அவரை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். வீரர்களிடம் போய், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டு, அவர்களுடைய பதிலைக் கொண்டே திட்டம் போடுவது அவருடைய வழக்கம். சுரங்கத்து மக்களின் நடுவிலிருந்து வந்த ஒரு மொழி ஆசிரியர் நின்ற இடத்துக்கும் தோட்டத்து மக்களின் நடுவே உங்கள் கணவர் நிற்கும் இடத்துக்கும் தூரம் அதிகமில்லை.

பலர் கொழும்புக் கடைகளுக்குப் போகப் போகிறவர்கள்தானே என்று கேட்டிருந்தீர்கள். அப்படியே போகட்டும். என்னோடு ஆடியவர்களிலும் அப்படிப் போனவர்கள் உண்டு. எங்கள் தோட்டத்தில் காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவது செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் புள்ளியிடுவதற்காக. ஆள் வராவிட்டால் அன்றைய சம்பளம் வெட்டு, அவ்வளவுதான், ஏன் வரவில்லை என்று யாரும் தேடி வருவதில்லை. அப்பாவின் பெயரும் அம்மாவின் பெயரும் அப்படிக் கூப்பிடப்படுவதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, நான் இரண்டு நாள் பயிற்சிக்கு வராததற்காக ஒருவர் விடுதிக் கதவைத் தட்டினார் என்பதே நம்ப முடியாததாக இருந்தது. காய்ச்சலாகக் கிடந்தேன். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கொத்தமல்லி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் கணவர் தேடிப் போகும் லயங்களில் எந்தப் பையனுக்கு அது எப்போது உறைக்கும் என்று சொல்ல முடியாது. எனக்கு உறைக்க இருபது வருடங்கள் ஆயின.

இப்போது உங்களுடைய இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சேர் இறந்தபோது எங்கள் அணியில் பதினோரு பேர் செத்த வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவியை அன்றுதான் நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம். ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லிக் கும்பிட்டோம். என் முறை வந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் எல்லோரும் இவ்வளவு வளர்ந்தவர்களா? அவர் ஒருநாளும் உங்களை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லையே, உங்கள் பெயரைக்கூட எனக்குச் சொன்னதில்லையே" என்றார். அதில் கோபம் இருக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். எங்கள் கழுத்துகளை அவ்வளவு கவனமாகக் காத்த மனிதர், தன் வீட்டில் ஒருவர் முப்பது வருடங்களாக மாலைகளைத் தனியாகக் கழித்ததைக் கவனிக்கவில்லை. அவரிடம் நான் கண்ட ஒரே குறை அது. நாங்களும் அதைக் கேட்கவில்லை. எங்களுக்கு வாங்கித் தந்த முட்டைக்கும் பாலுக்கும் பஸ் காசுக்கும் அந்த வீட்டில் எது குறைந்தது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

உங்கள் மகள் கேட்ட கேள்வியில் நான் அந்த அம்மாவின் குரலைத்தான் கேட்டேன். அதனால் உங்கள் கணவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது றக்பியை விடுங்கள் என்பதல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. எங்களையும் உள்ளே எடுங்கள் என்று கேளுங்கள். மகளைச் சனிக்கிழமைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். நம் நாட்டுப் பெண்கள் அணி ஆசியப் போட்டிகளில் ஆடும் காலம் இது. அவளுக்கும் ஒரு பந்தைக் கொடுத்து, முன்னால் ஓடிக்கொண்டே பின்னால் எறியப் பழகட்டும். அந்த அண்ணாமார் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிட்டால் அவளுக்கு அந்தக் கேள்வி வராது. மாதத்தில் ஒருநாள் பையன்களை வீட்டுக்கு வரவழைத்து, ரொட்டியும் கட்டைச் சம்பலும் போதும், ஒவ்வொருவனையும் உங்கள் முன்னால் பெயர் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள்.

பூட்ஸ் விடயத்தை இனி அவர் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. ஒரு சோடியின் விலை, கொழுந்தெடுக்கும் ஒரு தாயின் பல நாள் சம்பளம் என்பது எனக்குத் தெரியும். கண்டியில் என்னோடு ஆடியவர்களிடம் நான் பேசிவிட்டேன். அவர்களுடைய பிள்ளைகள் ஒவ்வொரு பருவத்திலும் கால் வளர்ந்து விட்டுவிடும் பூட்ஸ் பல வீடுகளில் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அவற்றைத் திருத்தி, துடைத்து, அனுப்பி வைப்போம். பாடசாலையில் ஓர் அலுமாரி ஒதுக்கி, அளவு எழுதி அடுக்கி வைத்தால், கால் வளர வளரப் பையன்கள் மாற்றிக்கொள்ளலாம். மோதிரத்தை மீட்பது உங்கள் குடும்பக் காரியம், அதில் நான் தலையிடவில்லை. அதை முதலில் மீட்டுவிட்டு மற்றதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. கொன்வேர்ஷனை, ட்ரை வைத்த இடத்துக்கு நேராகத்தான் பின்னால் போய் உதைக்க வேண்டும். மூலையில் வைத்த ட்ரை என்றால் உதைப்பவன் ஏறக்குறைய எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கிறான், இரண்டு கம்பங்களுக்கும் இடையிலான வெளி அவனுடைய கண்ணுக்கு ஒரு கீற்றாகத்தான் தெரியும். ஹட்டன் மழையில் ஊறிய பந்தோடு, சமன் செய்ய வேண்டிய கடைசி உதையை, நாட்டுக்காக ஆடுபவர்களே தவறவிடுவார்கள். அன்றிரவு உங்கள் வீட்டில் ஒருவர் சாப்பிடாமல் அழுதார். ஏதோ ஒரு லயத்தில் அந்தப் பையனும் சாப்பிட்டிருக்க மாட்டான். உங்கள் கணவர் மறுநாள் அவனைப் பார்க்கப் போனாரா, போனவர் அவனிடம் என்ன சொன்னார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். பையன்களின் கால் அளவுகளையும் அதோடு சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்.